பெரட்டுக்களமும் பேஸ்புக்கும்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. எங்கள் பக்கத்துத் தவறு ஒன்றில் இருந்து தொடங்குகிறோம். முழுவதையும் வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி அடித்த இரவுகளில் ஒன்று. கரண்ட் இல்லை. சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. ஆசிரியர்கள் நாங்கள் வைத்திருக்கும் வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. யாரோ ஒருவர் மூச்சு வாங்க, அணைக்கட்டு உடைந்துவிட்டது, தண்ணீர் வருகிறது, எல்லோரும் மேலே ஏறுங்கள் என்கிறார். எந்த அணைக்கட்டு, எத்தனை மணிக்கு, சொல்பவர் யார், ஒன்றும் இல்லை. எங்களில் மூன்று பேர் அதை அப்படியே பெற்றோர் குழுக்களுக்கு அனுப்பினோம். சிறிது நேரத்தில் லயத்துச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அந்த மழையில் லயத்துக்கு மேலே இருந்த தேயிலை மலையில் ஏறிவிட்டது. அந்த மலையில் வெடிப்பு விழுந்திருந்தது அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அல்லாஹ்வின் காவல், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விடிந்து பார்த்தால் எந்த அணைக்கட்டும் உடையவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு தாய் எங்களிடம் சொன்னார்: "சேர் போட்டீங்க, அதான் ஏறுனோம்."

அவர் கோபப்படவில்லை. ஆசிரியர் அனுப்பியதால் நம்பினோம் என்று காரணம் மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

மண்சரிவு எச்சரிக்கை கொடுப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படிகள். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். அந்த நாட்களில் தமிழில் போதிய எச்சரிக்கை வரவில்லை என்ற குறை நாடு முழுவதும் பேசப்பட்டது. அது நியாயமான குறைதான். ஆனால் சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்கள் எங்களிலேயே எத்தனை பேர் இருக்கிறோம்! உத்தியோகபூர்வ அறிவித்தலைத் தேடி எடுத்து, நான்கு வரி தமிழில் எழுதிப் போட ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யாமல் யாரென்றே தெரியாத ஒருவரின் குரலை அனுப்பினோம்.

முஸ்லிம்களாகிய எங்களுக்கு இது இன்னும் கூடுதலாக வெட்கம் தர வேண்டும். ஒரு பொய்ச் செய்தி என்ன செய்யும் என்பதை இந்த நாட்டில் எங்களை விட அதிகமாக அனுபவித்தவர்கள் குறைவு. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் சாப்பாட்டுக் கடையொன்றில் மலட்டு மாத்திரை கலந்தார்கள் என்று கதை கட்டினார்கள். அப்படி ஒரு மாத்திரை உலகத்திலேயே இல்லை. ஆனாலும் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அடுத்த வாரம் கண்டி திகன. வீடுகளும் கடைகளும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் இறந்தார். அவசரகாலச் சட்டம் போட்டு, பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் அரசாங்கம் ஒரு வாரம் வரை முடக்கி வைத்தது. 2019 மே மாதம் சிலாபத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரி பேஸ்புக்கில் ஆங்கிலத்தில் போட்ட ஒற்றை வரியைத் தப்பாக விளங்கிக்கொண்டு கலவரம் தொடங்கியது. அடுத்த நாள் அது குருநாகல் பக்கமும் மினுவாங்கொடைக்கும் பரவியது. 2018 வன்முறையில் தங்கள் தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைகளுக்கு அந்த மன்னிப்பு இரண்டு வருடம் பிந்தி வந்தது.

ஒரு செய்தி வந்தால் விசாரித்துத் தெளிந்துகொள்ளுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்தாதீர்கள் என்ற கருத்து சூரா அல்-ஹுஜுராத்தில் இருப்பது மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும். மற்றவர்கள் எங்களைப் பற்றி விசாரிக்காமல் அனுப்பியபோது அந்த ஆயத்தை எத்தனை தடவை ஷெயார் செய்தோம்! அன்றிரவு எங்கள் கையில் போன் இருந்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

இங்கே சிலர், "அதனால்தான் நாங்கள் ஒன்றுமே போடுவதில்லை, வாசித்துவிட்டுப் போய்விடுவோம்" என்பார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ரம்ஸி ராஸிக் என்ற ஓய்வு பெற்ற அரச உத்தியோகத்தர் இனவாதத்துக்கு எதிராகச் சிங்களத்தில் தொடர்ந்து எழுதி வந்தவர். பேனாவையும் விசைப்பலகையையும் கொண்டு ஒரு கருத்துப் போராட்டம் நடத்த வேண்டும் என்று எழுதினார். அதில் 'ஜிஹாத்' என்ற சொல் இருந்தது. 2020 ஏப்ரலில் கைது செய்யப்பட்டு ஐந்து மாதங்களுக்கு மேல் உள்ளே இருந்தார். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, பத்து இலட்சம் ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது 2023 நவம்பரில். எங்களைப் போல ஆசிரியராக இருந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் ஒரு தமிழ்க் கவிதை நூலுக்காக 2020 மே மாதம் கைதாகி, 2023 டிசம்பரில்தான் நிரபராதி என்று விடுதலையானார். அரச ஊழியர்கள் சமூக ஊடகங்களில் கருத்துச் சொல்வது பற்றி 2022இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. ஒரு 'லைக்' போடுவதற்கு முன் இரண்டு தடவை யோசிக்கிற நிலைமை சும்மா வரவில்லை.

ஆனாலும் மலையகத்தில் இருந்துகொண்டு மௌனம்தான் பாதுகாப்பு என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. இந்த மண்ணில் பேச்சுரிமை எப்படிக் கிடைத்தது என்று பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் சனம் தினமும் கூடுகிற இடம் பெரட்டுக்களம். விடியற்காலையில் போய் நிற்க வேண்டும். பெயர் வாசிப்பார்கள், எந்த மலைக்குப் போவது என்று சொல்வார்கள். கேட்டுக்கொண்டு கலைய வேண்டியதுதான். தலைமுறை தலைமுறையாக எங்கள் பெரும்பாலான மாணவர்களின் குடும்பங்கள் கண்ட பொதுக்கூட்டம் அதுதான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. அந்தக் கணக்கைத் தீர்ப்பதற்கான முக்கியச் சட்டம் ஒன்று 2003இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் பிரதேச சபை தோட்டத்துக்குள் ரோட்டுப் போட, விளக்குப் போடச் செலவழிக்க 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. வாக்குப் போடலாம், வாக்குப் போட்ட சபையிடம் ரோட்டுக் கேட்க முடியாது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அதே காலப்பகுதியில் நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்று இருந்த இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிந்தன. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனைக்குத் தனிச் சபைகள் வந்தன.

ஆகவே, மலையகத்தில் ஒரு பிரஜை இன்னொரு பிரஜையோடு ஊர் விசயம் பேசி, ஒரு சபையிடம் பதில் கேட்கிற வாய்ப்புக்கு வயது பத்து வருடம்கூட ஆகவில்லை. அது வந்த அதே காலத்தில்தான் லயத்துக்கு லயம் போனும் வந்தது. இவ்வளவு பிந்திக் கிடைத்த ஒன்றை நாம் எப்படிப் பாவிக்கிறோம்? ஒரு பக்கம் மீம்ஸ், ஒரு பக்கம் ஸ்கிரீன்ஷொட், ஒரு பக்கம் "நீ எந்தக் கட்சி" என்ற கேள்வி. இதற்கு நடுவில் யாராவது உண்மையான கேள்வி ஒன்றைக் கேட்டால் அது பத்து நிமிடத்தில் கீழே போய்விடுகிறது.

நல்லதும் நடந்திருக்கிறது. 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி ஞாபகம் இருக்கும். ஆயிரம் ரூபாச் சம்பளம் கேட்டு மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் கொழும்பு காலிமுகத்திடலில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். கொழும்பில் கடைகளிலும் கம்பனிகளிலும் வேலை செய்கிற பிள்ளைகள், தங்கள் அம்மாமாருக்காக வந்தார்கள். பெரும்பாலும் பேஸ்புக் மூலம் கூடிய கூட்டம் அது. தொழிற்சங்கத் தலைவர்கள் சொல்லித்தான் சனம் கூடும் என்ற வழக்கத்தை அந்த ஒரு நாள் மாற்றியது.

2019 ஜனவரியில் கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தானது. அடிப்படைச் சம்பளம் 500இல் இருந்து 700 ஆனது. உடனே பேஸ்புக்கில் ஒரு சண்டை. கம்பனிகளும் கையெழுத்திட்டவர்களும் நாற்பது வீதம் கூடியது என்றார்கள். எதிர்த்தவர்கள் வெறும் இருபது ரூபாதான் கூடியது என்றார்கள். ஒருவரை ஒருவர் பொய்யர், துரோகி, விலைபோனவர் என்று திட்டாத வார்த்தை இல்லை.

அதில் யார் பொய் சொன்னது? யாரும் இல்லை. 2016 ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500, வருகைக் கொடுப்பனவு 60, உற்பத்தி ஊக்குவிப்பு 140, விலைப் பங்கு 30. எல்லாம் சேர்த்து 730. 2019இல் அடிப்படை 700, விலைப் பங்கு 50, மொத்தம் 750. வருகைக்கும் உற்பத்திக்கும் கொடுத்த 200 ரூபா போய்விட்டது. 500 எழுநூறானது நாற்பது வீதம். 730 எழுநூற்றைம்பதானது இருபது ரூபா. இரண்டு கணக்கும் சரி.

அப்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அந்த 60ஐயும் 140ஐயும் மாதத்தில் எத்தனை நாள், எத்தனை பேர் உண்மையில் வாங்கினார்கள்? குறித்த அளவு நாள் வேலைக்கு வந்தால்தான் 60, குறித்த கிலோ எடுத்தால்தான் 140. இரண்டையும் ஒழுங்காக வாங்கிய ஒருவருக்கு இருபது ரூபாதான் கூடியது. இரண்டும் கிடைக்காமல் 530 வாங்கிய வயதான தாய்க்கு 220 ரூபா கூடியது. அடிப்படை கூடினால் சேமலாப நிதியும் கூடும் என்பது இன்னொரு கணக்கு. இவை எல்லாவற்றுக்கும் பதில் அம்மாமாரின் சம்பளத் துண்டில் இருந்தது. ஒரு தோட்டத்துக்கு இருபது சம்பளத் துண்டைச் சேர்த்திருந்தால், எந்தத் தொழிலாளிக்கு என்ன போனது, என்ன வந்தது என்று மேசையில் போட்டுப் பேசியிருக்கலாம். காலிமுகத்திடலில் கூடிய அந்தப் பிள்ளைகளுக்கு அது பெரிய வேலை அல்ல. ஆனால் நாம் எல்லோரும் திட்டுவதில் இருந்தோம். கணக்கு கம்பனியிடம் மட்டும் இருந்தது.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக ஆயிரம் ரூபா வந்தது. பல தோட்டங்களில் கிலோ அளவைக் கூட்டிவிட்டார்கள், அரைப்பேர் போடுகிறார்கள் என்று தொழிலாளர்கள் முறையிட்டார்கள். 2024 மே தினத்தையொட்டி 1700 என்றார்கள், கடைசியில் 1350இல் வந்து நின்றது. 2026க்கான வரவு செலவுத் திட்டம் 1750 என்றது. அதைப் பிரித்துப் பாருங்கள். கம்பனி கொடுப்பது 1550, மிச்சம் 200 ரூபா அரசாங்கம் கொடுக்கும் வருகை ஊக்குவிப்பு. மறுபடியும் 'வருகை'! எத்தனை நாள் வந்தால்? தோட்டமே மாதத்தில் குறைந்த நாள் வேலை கொடுத்தால்? அரைப்பேருக்கு உண்டா? கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிற நாளுக்கு உண்டா? 2019இல் கேட்காமல் விட்டதை இப்போதாவது கேட்க வேண்டும். 1750 சரித்திர வெற்றியா பச்சை ஏமாற்றா என்ற சண்டை எவ்வளவு நீண்டாலும் இந்த நான்கு கேள்விக்கும் அதில் இருந்து பதில் வராது.

சம்பளத்தை விடப் பெரிய விசயம் நிலம். சூறாவளிக்குப் பிறகு, மண்சரிவு அபாயத்தில் இருக்கும் மலையக மக்கள் வடக்கு கிழக்கில் போய்க் குடியேறலாமா என்ற பேச்சு எழுந்தது. அக்கறையோடு அழைத்தவர்களும் இருந்தார்கள், "இது எங்கள் மண், நாங்கள் ஏன் போக வேண்டும்" என்று நியாயமாகக் கேட்டவர்களும் இருந்தார்கள். இரண்டு நாளில் அது வடக்கான், தோட்டக்காட்டான் என்ற மட்டத்துக்கு இறங்கிவிட்டது. நாங்கள் பார்த்தவரை அந்தச் சண்டையில் கொழும்பில் இருந்து எழுதினார்கள், கனடாவில் இருந்து எழுதினார்கள். வீட்டை இழந்து பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தவர் ஒருவர்கூட அதில் பேசவில்லை. அவரிடம் டேட்டா இல்லை. போன் மகனிடம் இருந்தது. அவருக்கு எழுதவும் வராது.

அவரைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்? நாங்கள் சிலரைக் கேட்டோம். எந்த மாகாணம் என்பது அவர்களுடைய முதல் கேள்வியாக இல்லை. காணிக்கு உறுதி கையில் தருவார்களா? ஏழு பேர்ச்சா, பத்து பேர்ச்சா? அந்த இடத்துக்குக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சரி என்று சொல்லியிருக்கிறதா? வேலை என்ன? பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? ஒரு முதியவர் இன்னொன்று கேட்டார்: "77 கலவரத்தில வவுனியா பக்கம் போன எங்க சொந்தக்காரங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் காணிக் கடதாசி இருக்கா, அத மொதல்ல கேட்டுச் சொல்லுங்க." வன்னியில் இருக்கிற யாராவது ஒருவர் உண்மை நிலையை எழுதினால் ஆயிரம் கருத்துக்கு அது சமம். தோட்டக் காணி அரசாங்கத்தினுடையது, 1992இல் இருந்து கம்பனிகள் நிர்வகிப்பது குத்தகையில். அப்படியானால் இங்கேயே பாதுகாப்பான இடத்தில் எவ்வளவு காணி இருக்கிறது என்று கேட்க வேண்டிய விலாசமும் தெளிவாகவே இருக்கிறது.

இணையத்தில் ஊர் விசயம் பேசுவது எப்படி என்று எங்களைக் கேட்டால், எங்களுக்குத் தெரிந்த ஒரு பழைய முறையில் இருந்து சொல்வோம். பள்ளிவாசலில் மஷூரா இருக்கும். தப்லீக் ஜமாஅத்தில் போய் வந்தவர்களுக்கு அதன் ஒழுக்கம் தெரியும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். பேசுவது அமீரை நோக்கி. எதிரில் இருப்பவரோடு மல்லுக்கட்ட முடியாது. தன் கருத்து எடுபடாவிட்டால் முகம் சுளிக்கக்கூடாது. முடிவான பிறகு "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எழும்பும்போது ஒரு முடிவு இருக்க வேண்டும். யார், என்ன வேலை, எப்போது என்று தெரிந்துதான் கலைவார்கள். எங்கள் மஷூராவிலும் குறை உண்டு. பெண்கள் அங்கே இல்லை, வாலிபர்கள் பேசினால் பெரியவர்கள் கேட்பது குறைவு. அந்தக் குறையை மறைத்துவிட்டுப் பெருமை பேசவில்லை. அந்த ஒழுக்கத்தை எடுத்துக்கொண்டு, கதவை எல்லோருக்கும் திறந்துவிடலாம் என்கிறோம். பேஸ்புக் அந்தக் கதவைத் திறந்து தந்திருக்கிறது, ஒழுக்கத்தைத் தரவில்லை.

தாய்வானில் 2015இல் ஊபர் வாடகைக் கார் பிரச்சினைக்கு இப்படி ஒன்றைச் செய்து பார்த்தார்கள். மக்கள் இணையத்தில் ஆளுக்கொரு கருத்து எழுதலாம். மற்றவர்கள் அதற்கு உடன்பாடு அல்லது உடன்பாடில்லை என்று மட்டும் சொல்லலாம். பதில் எழுதுகிற வசதியே இல்லை! சண்டை பிடிக்க இடம் இல்லாதபோது, எதிரும் புதிருமான இரண்டு கூட்டமும் எந்தெந்த விசயத்தில் ஒன்றாக இருக்கிறது என்று வெளியே தெரிந்தது. அதை வைத்துப் பேசி அரசாங்கம் சட்டம் கொண்டு வந்தது. அவ்வளவு பெரிய ஏற்பாடு நமக்கு வேண்டியதில்லை. ஒரு தோட்டத்து வட்ஸ்அப் குழுவில் ஐந்து கருத்தை எழுதிப் போட்டு, "எதற்கு உடன்பாடு, நம்பரை மட்டும் போடுங்கள்" என்று கேட்கலாம். எழுத வராதவர் வொய்ஸில் சொல்லட்டும்.

எங்கள் பக்கத்தில் நடந்த இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். ஒரு தோட்டப் பாதை. மழைக்குப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வருவார்கள். எங்கள் குழுவில் இரண்டு மாதமாகப் பிரதேச சபை உறுப்பினர் ஒருவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தோம். 2025 தேர்தலில் புதிதாக வந்த இளைஞர். அவருடைய படத்தைப் போட்டு மீம்ஸ் செய்தார்கள், ஆசிரியர்கள் நாங்களும் சிரித்தோம். பிறகு எங்களில் ஒருவர், "கேட்டுப் பார்ப்போமே" என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போட்டார். அந்தப் பாதை யாருக்குச் சொந்தம், கடைசியாக எப்போது திருத்தினார்கள், யார் செலவு? மூன்றே கேள்வி. பதில் வந்தது. பாதை சபையினுடையது அல்ல, இன்னும் தோட்டத்தினுடையது. அதைச் சபைக்குப் பொறுப்பளிக்கச் சொல்லி அந்த இளைஞரே சபையில் பிரேரணை கொடுத்திருந்தார். நாங்கள் மன்னிப்புக் கேட்டுப் பதிவு போட்டோம். மீம்ஸுக்கு வந்த லைக்கில் கால்வாசிகூட அதற்கு வரவில்லை. ஆனால் அதன் பிறகு கேள்வியைச் சரியான இடத்தில் கேட்கத் தொடங்கினோம். பாதை இன்னும் திருத்தியாகவில்லை, கடிதம் போய்க்கொண்டிருக்கிறது.

அந்தச் சட்டம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். தமிழிலேயே கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேல் ஆணைக்குழு இருக்கிறது. கொழுந்து எடுக்கிற ஒரு தாய் பிரதேச செயலகத்தைக் கேள்வி கேட்டு, அவர்கள் பதில் சொல்லியாக வேண்டிய ஒரு சட்டம்! பெரட்டுக்களத்தில் நின்ற அவருடைய பாட்டிக்கு இதைச் சொன்னால் நம்பியிருக்க மாட்டார்.

ஆசிரியர்களாக எங்களுக்குள் நான்கு முடிவு எடுத்திருக்கிறோம். ஆபத்துச் செய்தி எதுவானாலும் யார் சொன்னது, எந்த இடம், எத்தனை மணிக்கு என்ற மூன்றும் இல்லாவிட்டால் எங்கள் கையில் இருந்து போகாது. உத்தியோகபூர்வ எச்சரிக்கை சிங்களத்தில் மட்டும் வந்தால், தமிழில் எழுதிப் போடுவது எங்கள் பொறுப்பு. யார் எந்த நாள் என்று முறை போட்டுக்கொண்டிருக்கிறோம். ஊர் விசயம் ஒன்று பேசினால், அதில் இருந்து ஒரு கேள்வியை எடுத்து, பதில் சொல்ல வேண்டியவருக்கு எழுதி, வந்த பதிலை அதே இடத்தில் போடுவோம். பிழைவிட்டால், பிழை போட்ட அதே குழுவில் திருத்தமும் போடுவோம். தனியாக ஒருவரிடம் சொல்லித் தப்பிக்க மாட்டோம்.

இதில் பயமே இல்லையா என்றால், இருக்கிறது. ரம்ஸி ராஸிக் பட்டது எங்களுக்கும் தெரியும். ஆனால் கணக்கோடும் கடிதத்தோடும் மரியாதையோடும் பத்துப் பேர் சேர்ந்து கேட்கிற கேள்வியை அடக்குவது, ஒருவர் தனியாகக் கோபத்தில் எழுதுகிற வரியை அடக்குவதை விடக் கஷ்டம் என்று நம்புகிறோம்.

வாசிக்கிறவர்களிடம் ஒரு உதவி கேட்கிறோம். உங்கள் அம்மாவோ அக்காவோ தோட்டத்தில் வேலை செய்தால், அடுத்த சம்பளத் துண்டைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். எத்தனை நாள் வேலை, எத்தனை அரைப்பேர், அந்த 200 ரூபா எத்தனை நாளுக்குப் போட்டிருக்கிறார்கள்? பெயரையும் இலக்கத்தையும் மறைத்துவிட்டு, இந்த மூன்று கணக்கை மட்டும் அனுப்புங்கள். முதலில் அவரிடம் அனுமதி கேளுங்கள். வந்ததையெல்லாம் தோட்டம் தோட்டமாகப் பிரித்து நாங்கள் இங்கே போடுகிறோம். அதற்குப் பிறகு 1750 வெற்றியா ஏமாற்றா என்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

இந்தப் பதிவில் ஏதும் பிழை இருந்தால் இங்கேயே சொல்லுங்கள். இங்கேயே திருத்துவோம், இன்ஷா அல்லாஹ்.